பிரிட்ஜ்ஸ்டோனா, யோக்கோஹாமாவா, டன்லப்பா, டோயோவா: ஜப்பானிய டயர்களில் எதைத் தேர்வது?

காருக்கு டயர் மாற்ற வேண்டிய நேரம் வந்ததும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஜப்பான் கம்பெனி டயர் போடலாம் என்று முடிவு செய்துவிட்டேன், பிரிட்ஜ்ஸ்டோன் போடட்டுமா, யோக்கோஹாமா போடட்டுமா?" அண்மைக் காலமாக டோயோ, ஃபால்கன் என்ற பெயர்களும் இந்தக் கேள்விக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லி இதற்குப் பதில் தர எனக்கு மனம் வருவதில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, பல நேரங்களில் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரியது. பிரிட்ஜ்ஸ்டோனின் சிக்கன வரிசையான ஈக்கோப்பியாவையும் வேக வரிசையான பொட்டென்சாவையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆனாலும் ஒரு நிறுவனம் எங்கே பிறந்தது, எதில் அடிபட்டது, எதைக் கற்றுக்கொண்டது என்பது தெரிந்தால், அதன் வரிசைகளில் எது எதற்காகச் செய்யப்பட்டது என்பதைப் புரிந்துகொள்வது எளிது. அதனால் வரலாற்றையும் சேர்த்தே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது அளவும் தாங்குதிறனும். டயரின் பக்கச்சுவரில் 185/65 ஆர்15 88எச் என்று எழுதியிருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம்; 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது; 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்ற எண் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பதையும், எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும் என்பதையும் குறிக்கின்றன. கார் தயாரித்தவர்கள் குறிப்பிட்ட தாங்குதிறனுக்குக் கீழே இறங்கக்கூடாது. இதில் பேரத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் திறன். ஓடும் காரில் ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். மழையில் காரை நிறுத்துவது அப்படிப்பட்ட நான்கு உள்ளங்கைகளே என்பதால், என் கணக்கில் இதற்கே முதல் மதிப்பெண்.

மூன்றாவது, எரிபொருள் சிக்கனமும் ஆயுளும். டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி விரிகிறது. அப்போது வெப்பமாக வீணாகும் ஆற்றல்தான் உருளும் தடை. அந்த இழப்பைக் குறைத்தால் பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் ஈரச் சாலையில் பிடிமானம் வேண்டுமென்றால், ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அதிர்ந்து ஆற்றலை விழுங்கவும் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதே டயர்ப் பொறியாளர்களின் நெடுநாள் தலைவலி. ரப்பரில் கலக்கும் கரித்தூளான கார்பன் பிளாக்கின் ஒரு பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைச் சேர்க்கத் தொடங்கிய பிறகே இந்தச் சிக்கல் ஓரளவு தளர்ந்தது. இவ்விரண்டையும் வாங்குபவர் ஒருங்கே பார்க்கும்படி, ஜப்பானிய டயர் உற்பத்தியாளர் சங்கம் 2010 ஜனவரியில் ஒரு தரக்குறியீட்டைத் தொடங்கியது. உருளும் தடைக்கு ட்ரிபிள் ஏ முதல் சி வரை ஐந்து படிகள். ஈரப்பிடிமானத்துக்கு ஏ முதல் டி வரை நான்கு படிகள். இரண்டிலும் உச்சம் தொடும் டயருக்கு விலை கூடுதலாகவே இருக்கும். விலை குறைந்த டயர் முதல் குறியீட்டில் மட்டும் உயர்ந்து நின்றால், இரண்டாவதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு இரைச்சல், பக்கச்சுவரின் உறுதி, அதே டயர் நாளைக்கும் கிடைக்குமா என்ற மூன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதை எடுக்காமல் விட்டு நானே செலவழித்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

## பிரிட்ஜ்ஸ்டோன்: பரந்த வரிசை, எளிதில் கிடைக்கும் டயர்

கியூஷூ தீவின் குருமே நகரில் ஜப்பானியக் காலுறையான தாபி தைத்துவந்த குடும்பத்தில் பிறந்தவர் ஷோஜிரோ இஷிபாஷி. தாபிக்கு ரப்பர் அடி ஒட்டி உழைப்பாளிகளுக்கு விற்றதில் ரப்பர்த் தொழில் அவருக்குக் கைவந்தது. அங்கிருந்து 1930இல் முதல் டயரையும், 1931இல் தனி நிறுவனத்தையும் உருவாக்கினார். இஷி என்றால் கல், ஹாஷி என்றால் பாலம். குடும்பப் பெயரைத் திருப்பிப் போட்டு ஆங்கிலமாக்கியதே பிரிட்ஜ்ஸ்டோன்.

1988இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோனை 260 கோடி டாலருக்கு வாங்கியது இந்த நிறுவனத்தை உலக நிறுவனமாக்கியது; அதன் மிகப் பெரிய சோதனையும் அதே வழியில்தான் வந்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பொருத்தியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பரப்பு ஓட்டத்திலேயே உரிந்து வண்டிகள் கவிழ்ந்ததைத் தொடர்ந்து, 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. நம் ஊர் வாசகர்கள் இதைக் கவனிக்கக் காரணம் உண்டு. விபத்துகள் வெப்பம் மிகுந்த அமெரிக்கத் தென் மாநிலங்களிலேயே அதிகம் நிகழ்ந்தன; ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ, டயர் நிறுவனம் பின்னர் வலியுறுத்தியது 30. காற்றுக் குறைந்த டயர் கூடுதலாக நசுங்கிச் சூடேறும்; சூடேறிய டயரில் அடுக்குகளுக்கு இடையேயான பிடிப்புத் தளரும். டயர்க் காற்றழுத்தத்தைத் தானே காட்டும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது இந்தத் துயரத்துக்குப் பின் வந்த சட்டத்தால்தான். நாற்பது டிகிரி வெயிலில் முழுக் குடும்பத்தையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவர்கள், எந்த நிறுவனத்தின் டயரைப் போட்டாலும் காற்றை மறக்கக்கூடாது.

இன்றைய வரிசைகளில் ஈக்கோப்பியா எரிபொருள் சிக்கனத்துக்கு, டுரான்சா அமைதியான நெடும்பயணத்துக்கு, பொட்டென்சா வளைவுகளில் வேகமாக ஓட்டுவோருக்கு, டூலர் எஸ்யூவிகளுக்கு. இந்தியாவில் நீண்ட ஆயுளுக்கென்று ஸ்டர்டோ என்ற வரிசையும் உண்டு. 1997 முதல் 2010 வரை ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்கு டயர் வழங்கிய அனுபவத்தின் பெருமையைப் பொட்டென்சா சுமக்கிறது. ஆனால் அந்தப் பெருமைக்காக மட்டும் அலுவலகத்துக்குப் போய்வரும் காரில் பொட்டென்சா போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிடிமானத்துக்காக மென்மையாக்கிய ரப்பர் சீக்கிரம் தேயும்.

இந்தூருக்கு அருகிலும் புனேயின் சாக்கனிலும் இந்நிறுவனத்துக்கு ஆலைகள் இருப்பதால், வழக்கமான அளவுகள் சிறு நகரங்களிலும் கிடைக்கின்றன. என் கருத்தில் பிரிட்ஜ்ஸ்டோனின் மிகப் பெரிய பலம் இதுதான். புதுக்காரோடு வந்த டயரும் கடையில் விற்கும் டயரும் ஒரே பெயரில் இருந்தாலும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கார் நிறுவனம் கேட்டபடி தனியாகச் செய்து கொடுத்ததாகவும் அது இருக்கலாம்.

## யோக்கோஹாமா: ஓட்டும் சுகத்துக்கும் மண்சாலைக்கும்

யோக்கோஹாமா நகரின் மின்கம்பி நிறுவனம் ஒன்றும் அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச்சும் கைகோத்து 1917 அக்டோபரில் தொடங்கியது இந்நிறுவனம். 1923ஆம் ஆண்டின் பெரும் கான்டோ நிலநடுக்கத்தில் ஆலையை இழந்து, மறுபடியும் கட்டி எழுந்தது. 1978இல் வந்த அட்வான் என்ற பெயர் இன்றுவரை அதன் உயர்தர வரிசையாகத் தொடர்கிறது. ரப்பரோடு ஆரஞ்சுத் தோல் எண்ணெயைக் கலப்பது இவர்களுடைய தனி வழி. பெட்ரோலிய எண்ணெயின் பங்கைக் குறைத்தபடியே, ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களோடு இழைந்து ஒட்டும்படி செய்கிறது அந்த எண்ணெய்.

வாங்குபவரின் பார்வையில் முக்கியமானவை மூன்று. எர்த்-1 இந்தியச் சாலைகளுக்கென்று வடிவமைத்து ஹரியானாவின் பகதூர்கரில் தயாராவது. மேடுபள்ளத்தில் ஓடும் சிறிய கார்களுக்கும் நடுத்தரக் கார்களுக்கும் ஏற்றது. புளூஎர்த்-ஜிடி நெடுஞ்சாலையில் நாளெல்லாம் ஓட்டினாலும் ஸ்டியரிங்கில் துல்லியம் குறையக்கூடாது என்பவர்களுக்கு. ஜியோலேண்டர் எஸ்யூவிக்கு. ஜியோலேண்டரிலேயே தார்ச்சாலைக்கு ஒன்று, தார்ச்சாலைக்கும் மண்சாலைக்கும் பொதுவாக ஒன்று, சேற்றுக்கு ஒன்று என்று பிரிவுகள் இருப்பதால், கடையில் வெறுமனே "ஜியோலேண்டர் கொடுங்கள்" என்று கேட்டால் வேறொன்றைத் தலையில் கட்டிவிட வாய்ப்புண்டு. சேற்று டயரைத் தார்ச்சாலையில் ஓட்டினால் இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும். ஈரத் தார்ச்சாலையில் பிரேக் தூரமும் நீளும். தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை போகிறவருக்குச் சேற்று டயர் தேவையே இல்லை.

தமிழ்நாட்டோடு உண்மையான தொடர்புள்ள நிறுவனமும் இதுவே. 2016இல் அலையன்ஸ் டயர் குழுமத்தை யோக்கோஹாமா வாங்கியபோது, திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டானில் இருந்த ஆலையும் அதோடு வந்தது. அங்கே தயாராவது கார் டயர் அல்ல. டிராக்டர், காட்டு வேலை வண்டிகள், கட்டுமான எந்திரங்கள் ஆகியவற்றின் டயர்கள், அவற்றுள் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு. ஆகவே "திருநெல்வேலியில் செய்ததுதான்" என்று யாராவது கார் டயரைக் காட்டினால் நம்ப வேண்டாம்.

## டன்லப், ஃபால்கன்: ஒரு பெயருக்குப் பல உரிமையாளர்கள்

நான்கில் வேர் மிகப் பழையது, டன்லப், ஃபால்கன் டயர்களைச் செய்யும் சுமிட்டோமோ ரப்பர். பிரிட்டனின் டன்லப் நிறுவனம் 1909இல் கோபே நகரில் அமைத்த ஆலையிலிருந்து வளர்ந்தது அது. ஜப்பானில் தயாரான முதல் கார் டயர் 1913இல் அங்கேதான் உருவானது. அந்த ஆலை 1995ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் சேதமடைந்து மூடப்பட்டது.

சுமிட்டோமோவைப் பற்றிப் பேசும்போது பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். டன்லப் என்ற பெயருக்கு உலகம் முழுவதும் ஒரே உரிமையாளர் இல்லை. ஜப்பானில் அது சுமிட்டோமோவுடையது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நெடுங்காலம் குட்இயரிடம் இருந்த உரிமையை 2025இல்தான் சுமிட்டோமோ வாங்கியது. வங்காளத்தின் சாகாகஞ்சிலும் சென்னை அம்பத்தூரிலும் ஆலை நடத்திய டன்லப் இந்தியா முற்றிலும் வேறு நிறுவனம். அம்பத்தூர்க்காரர்களின் நினைவில் உள்ள டன்லப்புக்கும் ஜப்பானிய டயருக்கும் பெயரைத் தவிர ஒட்டுறவில்லை. அதனால்தான் இந்தியக் கடைகளில் சுமிட்டோமோவின் கார் டயரை ஃபால்கன் என்ற பெயரில் பார்க்கிறோம்.

ஃபால்கன் 1983இல் தொடங்கிய பெயர். அன்றாட ஓட்டத்துக்குச் சின்செரா, சற்று வேகமான கார்களுக்கு ஸியெக்ஸ், அஸெனிஸ், எஸ்யூவிக்கு வைல்ட்பீக். விளம்பரம் குறைவு என்பதால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது சரியல்ல. தொழில்நுட்பத்தில் இவர்கள் மற்றவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்: 2013இல் பெட்ரோலியம், நிலக்கரி போன்ற புதைபடிவ மூலப்பொருள் எதுவும் கலக்காத எனாசேவ் 100 டயரையும், 2024இல் நீர் பட்டாலோ குளிர்ந்தாலோ ரப்பரே தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் சின்க்ரோ வெதர் டயரையும் ஜப்பானில் டன்லப் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

## டோயோ: சில வண்டிகளுக்கு மிகப் பொருத்தம்

1945இல் தொடங்கிய டோயோ, மற்ற மூன்றைவிடச் சிறியது; எல்லாவற்றையும் செய்யாமல் சிலவற்றைத் தேர்ந்து செய்வது அதன் போக்கு. உயரமான மினிவேன் வளைவில் சாயும்போது டயரின் ஓரங்கள் மட்டும் தேய்ந்துபோவதைக் கண்டு, அந்த வகை வண்டிக்கென்றே டிரான்பாத் வரிசையைச் செய்தார்கள். எஸ்யூவிக்கான ஓப்பன் கன்ட்ரியும், காருக்கான புராக்சஸும் இவர்களுடையவை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கமுந்திங்கில் ஆலை இருப்பதால் அங்குள்ள தமிழர்களுக்கு டோயோ பழகிய பெயர்.

2015இல் கட்டடங்களை நிலநடுக்கத்திலிருந்து காக்கும் ரப்பர்த் தாங்கிகளின் சோதனைத் தரவுகளை இந்நிறுவனம் திருத்தியிருந்தது வெளிப்பட்டது. அது டயர் சம்பந்தப்பட்டதன்று. ஆனாலும் தரச்சான்றை நம்பிப் பொருள் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

## ஒரே பார்வையில்

| தேவை | பிரிட்ஜ்ஸ்டோன் | யோக்கோஹாமா | சுமிட்டோமோ | டோயோ |
|---|---|---|---|---|
| சிக்கனம், ஆயுள் | ஈக்கோப்பியா, ஸ்டர்டோ | எர்த்-1 | சின்செரா, எனாசேவ் | நானோஎனர்ஜி |
| அமைதி, நெடும்பயணம் | டுரான்சா | புளூஎர்த்-ஜிடி, அட்வான் டிபி | லெ மான், வியூரோ | புராக்சஸ் கம்ஃபர்ட், டிரான்பாத் |
| வேகம், வளைவு | பொட்டென்சா | அட்வான் ஸ்போர்ட் | அஸெனிஸ் | புராக்சஸ் ஸ்போர்ட் |
| மண்சாலை | டூலர் | ஜியோலேண்டர் | வைல்ட்பீக் | ஓப்பன் கன்ட்ரி |
| பனிக்காலம் | பிளிசாக் | ஐஸ்கார்ட் | வின்டர் மேக்ஸ் | அப்சர்வ் |

எல்லா வரிசைகளும் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. எனாசேவ், லெ மான் போன்றவற்றை முதன்மையாக ஜப்பானில்தான் பார்க்க முடியும்.

## விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

சில ஆண்டுகளுக்கு முன் என் காருக்கு இறக்குமதியான டயர்கள் நான்கு போட்டேன். ஓட்டம் அருமையாக இருந்தது. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, இரவு மழையில் தண்ணீர் நிறைந்த பள்ளம் ஒன்றில் முன்சக்கரம் இறங்கியது. மறுநாள் காலையில் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். கடைக்காரத் தம்பி அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ளே நூல் அறுந்துபோச்சு சார், இதை ஒண்ணும் பண்ண முடியாது, ஸ்டெப்னியை மாட்டிட்டு மெதுவாப் போங்க" என்றார். அதே வரிசை, அதே அளவு டயரைத் தேடி மூன்று ஊர்களுக்குத் தொலைபேசியில் கேட்டும் கிடைக்கவில்லை. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே டயர் இருக்க வேண்டும் என்பதால், பட்டன் தேயாத நல்ல டயர் ஒன்றையும் கழற்றிவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கினேன். ஒரு டயர் சேதத்துக்கு இரண்டு டயர் விலை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020 ஜூனில் இந்திய அரசு புதிய கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. ஆகவே இந்தியாவில் வாங்குபவர்கள், உள்நாட்டில் தயாராகும் வரிசையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஃபால்கனையும் டோயோவையும் தேர்பவர்கள், "ஆறு மாதம் கழித்து ஒன்று மட்டும் வேண்டுமென்றால் எத்தனை நாளில் கிடைக்கும்?" என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைத்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயரை இடவலமாக மாற்றிப் போட முடியாது. தேய்மானம் சீராக இல்லாவிட்டால் ஆயுள் குறையும். அலைன்மென்ட் தவறியிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த டயரும் ஒரு ஓரமாகத் தேய்ந்து சில மாதங்களில் மொட்டையாகிவிடும். அழகுக்காக ரிம்மைப் பெரிதாக்கிப் பக்கச்சுவரை மெலிதாக்கினால் பள்ளத்தின் அடி நேராக ரிம்முக்குப் போகும். உத்தரவாதம் என்பது தேய்ந்த அளவைக் கழித்துக்கொண்டே தரப்படும். பள்ளத்தில் அடிபட்ட வீக்கத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

## பனி பெய்யும் நாடுகளில் இருப்பவர்களுக்கு

கனடாவில் இருக்கும் உறவினர்களுக்குக் கணக்கு வேறு. ஜப்பானின் வடபகுதி நகரங்களில் ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டி எழுப்பிய தூசி பெரும் நோயாகி, 1990இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஆணியில்லாமலே பனிக்கட்டியில் பிடிக்கும் டயரில் ஜப்பானியர் தேர்ந்தது அந்தத் தேவையால்தான். 1988இல் வந்த பிளிசாக்கின் ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் உண்டு; வழுக்கலுக்குக் காரணமான மெல்லிய நீர்ப்படலத்தை அவை உறிஞ்சி அகற்றுகின்றன. கடும் பனிக்கட்டியில் ஓட்டுவோருக்கு நான் முதலில் சொல்வது பிளிசாக். ஆனால் பாதி தேய்ந்ததும் பனிக்காலத் தகுதி போய்விடும் என்பதால், வெயில் வந்ததும் கழற்றிவிட வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டியை வாங்கும் இலங்கை வாசகர்கள், பக்கச்சுவரில் ஸ்டட்லெஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பனிக்கான மென்ரப்பர், யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஆகாது.

## என் தேர்வு

நாள்தோறும் நகரத்தில் ஓடும் சிறிய காருக்கு எர்த்-1 அல்லது ஸ்டர்டோ. ஊருக்கும் சென்னைக்கும் மாதம் இருமுறை போய்வரும் செடானுக்கு டுரான்சாவும் புளூஎர்த்-ஜிடியும் சமமான போட்டி. அமைதி பெரிதென்றால் முன்னது, ஸ்டியரிங்கின் துல்லியம் பெரிதென்றால் பின்னது. தார்ச்சாலையிலேயே ஓடும் எஸ்யூவிக்கு டூலரின் தார்ச்சாலை வகை. மலைத்தோட்டத்துக்கு வாரந்தோறும் ஏறி இறங்கும் எஸ்யூவிக்கு ஜியோலேண்டரின் பொதுவகை. பெரிய நகரத்தில், நம்பகமான கடையின் அருகில் இருப்பவர்கள், விலை குறைவாகக் கிடைத்தால் சின்செராவைத் தயங்காமல் வாங்கலாம். மினிவேன் வைத்திருந்து டிரான்பாத் கிடைக்கும் நாட்டில் இருந்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தாலும், ரிம்மில் மாட்டுவதற்கு முன் கைபேசி விளக்கை அடித்துப் பக்கச்சுவரின் இரு புறமும் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். பல டயர்களில் அது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். 3224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்த டயர். நான்கு டயர்களிலும் அந்த எண்ணைப் படித்து, ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு கேளுங்கள். சரியாக இருந்தால் நான்கு எண்களையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.